மஞ்சள் புத்தகத்தில் எழுதாதவை

ஜனவரி 8, திங்கள்

ஆஸ்பத்திரியில் இன்று ஒரு மஞ்சள் புத்தகம் கொடுத்தார்கள். தினமும் நிரப்ப வேண்டுமாம். காலை மாத்திரை எடுத்த நேரம், இரவு மாத்திரை எடுத்த நேரம், இருமல் எத்தனை முறை, வேறு தொந்தரவு உண்டா. இந்தக் கடைசிக் கேள்விக்கு விட்டிருக்கும் கட்டத்தில் என் கட்டைவிரல்கூடப் படுக்காது. முப்பத்து மூன்று வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்து, தராசு, படி, எடைக்கல், பெட்ரோல் பங்க் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவளுக்கு அந்தக் கட்டம் எந்த மூலைக்கு? அதனால்தான் இந்த நோட்டு. கட்டத்துக்குள் அடங்குவது அங்கே, அடங்காதது இங்கே.

விஷயத்தை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். என் நுரையீரல் தழும்பாகி இறுகிக்கொண்டு வருகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. லட்சத்தில் சில பேருக்கு வருமாம், அதில் நானும் ஒருத்தி. மூச்சை முழுக்க இழுத்துக் குழாயில் ஊதினால் 2180 மில்லிலிட்டர் வருகிறது. என் வயதுக்கும் உயரத்துக்கும் இரண்டே முக்கால் லிட்டர் வர வேண்டும். அரை லிட்டருக்கு மேல் குறைவு. கடையாக இருந்தால் சீல் வைத்திருப்பேன்.

இந்த நோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியில் நானும் சேர்ந்திருக்கிறேன். சம்மதப் படிவம் பதினான்கு பக்கம். முழுக்கப் படித்துப் பதினோரு கேள்வி கேட்டேன். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி தெரியும் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டர் நளாயினிக்கும் தெரியாது, ஆராய்ச்சி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் சுகிர்தாவுக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு, ரகசியக் குறியீடாக எங்கேயோ பூட்டி வைத்திருக்கிறது.

"மருந்து வந்தவங்களுக்கு இந்த 2180 எத்தனை ஏறுமுங்க?" என்று கேட்டேன்.

"ஏறாதுங்க. தழும்பு தழும்புதான். இறங்கறத இந்த மருந்து நிறுத்துதான்னுதான் பாக்கறோம்" என்றார் டாக்டர்.

பக்க விளைவுகளையும் குறித்துக்கொண்டேன்: நாக்கில் உலோக ருசி, வெயில் பட்டால் தோல் சிவப்பது, குமட்டல்.

பக்கத்து நாற்காலியில் மாராத்தாள் என்று ஒருத்தி. நாற்பத்தாறு வயது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மில்லில் பதினெட்டு வருடம். அவளுக்கும் இதே தழும்பு, அவளும் இன்றுதான் சேர்ந்தாள். ஊதல் 1640. நான் கேள்வி கேட்டதைப் பார்த்துவிட்டு, "நீங்க ஆபீசருங்களா?" என்றாள். ரிட்டயர்டு என்றேன். "ஆபீசரம்மா, எனக்கும் சேத்திக் கேட்டுப் போட்டீங்க" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. மகள் தர்ஷிணி பிளஸ் டூ படிக்கிறாளாம். "அவ நர்சிங் முடிக்கற வரைக்கும் மூச்சு இருந்தாப் போதுமுங்" என்றாள்.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. பரணைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று வீட்டுக்காரர் ஏறி, என் மாமியார் காலத்துப் பித்தளைக் காபி ஃபில்டரை இறக்கிக்கொண்டு வந்தார். புளி போட்டுத் தேய்த்ததில் பளபளவென்று இருக்கிறது. இனி இதில்தான் காபி என்று என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி துரையின் உத்தரவு. காலைக் காபி அவர் இலாகா என்பதால் நான் தலையிடவில்லை.

ஜனவரி 22, திங்கள்

நாக்கில் உலோக ருசி!

காலையில் காபி குடித்த பத்தாவது நிமிஷம். சந்தேகமே இல்லை. படிவத்தில் ஒன்பதாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன், முதல் பக்க விளைவே அதுதான். எனக்கு நிஜம் விழுந்திருக்கிறது. நாற்காலியிலேயே ஒரு ஆட்டம் போட்டேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கமலவேணி, மூச்சு வாங்கும், ஒக்காந்து ஆடு" என்றார்.

மஞ்சள் புத்தகத்தில் "லேசான உலோகச் சுவை" என்று மட்டும் எழுதினேன்.

பிப்ரவரி 5, திங்கள்

இரண்டாவது ஊதல். 2230! ஐம்பது ஏறியிருக்கிறது. ஊதவைக்கும் தம்பி, "ஊதப் பழகிட்டீங்கம்மா" என்றான். பழகுவதாவது. மருந்து வேலை செய்கிறது என்று சொல்ல அவனுக்கு அனுமதி இல்லை போலும்.

மாராத்தாளுக்கு 1640. அப்படியே நிற்கிறது. பாவமாக இருந்தது.

எதிரில் ஒரு பேக்கரி. டீயும் தேங்காய் பன்னும் வாங்கி உட்கார்ந்தோம். அவள் முழங்கைக்குக் கீழே இரண்டு கையும் சிவந்து தடித்திருந்தது. என்ன இது என்றேன். "நார்த் தூசிங். களத்துல வெயில்ல காய வெக்கறமில்லீங், அதுதான்" என்றாள். இன்னும் வேலைக்குப் போகிறாயா என்று சத்தம் போட்டேன். வாரத்தில் மூன்று நாள்தான் என்றாள்.

உலோக ருசி உண்டா என்று கேட்டேன். "எனக்கு ருசியே தெரியறதில்லீங் ஆபீசரம்மா, பசிச்சாத் திங்கறேன், அவ்வளவுதான்" என்றாள்.

அவளுடைய மாத்திரை ஒன்றை வாங்கிக்கொண்டு என்னுடையது ஒன்றைக் கொடுத்தேன். ஆராய்ச்சிதானே நடக்கிறது, நானும் ஒன்று செய்து பார்க்கிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ரிட்டயர் ஆனபோது ஆசைப்பட்டு வாங்கிய தங்கம் நிறுக்கும் தராசை எடுத்து வைத்து, ஒரு தட்டில் என் மாத்திரை, மறு தட்டில் அவள் மாத்திரை. முள் அசையவில்லை. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி மறுபடி பார்த்தேன். அப்போதும் அசையவில்லை. இரண்டையும் உடைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். ஒரே கசப்பு. பொய்க்கும் கசப்புச் சேர்த்திருக்கிறார்கள்! இத்தனை நேர்த்தியாகப் போலி செய்யும் ஆளை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. மருந்து கண்டுபிடித்தவரைவிட மாவு கண்டுபிடித்தவர்மேல்தான் எனக்கு மரியாதை.

மஞ்சள் புத்தகத்தில் இன்று தொந்தரவு எதுவும் இல்லை என்று எழுதினேன். உடைத்ததற்குப் பதில் நாளைய மாத்திரையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். கடைசி நாள் ஒன்று குறையும். தவறி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 19, திங்கள்

தினமும் உலோக ருசி. தினமும் சந்தோஷம்.

மார்ச் 4, திங்கள்

எனக்கு 2210. மாராத்தாளுக்கு 1630. புது பாட்டில் கொடுத்தார்கள். பேக்கரியில் அவளுக்கு ஒரு கடலை மிட்டாய் டப்பா கொடுத்தேன். அவளும் எனக்கு ஒன்று கொடுத்தாள்.

மார்ச் 6, புதன்

இரண்டு நாளாக இந்த நோட்டைத் திறக்கவில்லை. திறந்தால் எழுத வேண்டியிருக்கும். இங்கேயும் மறைத்தால் இந்த நோட்டு எதற்கு?

டப்பாவில் கடலை மிட்டாய் இல்லை.

நடந்தது இது. எனக்கு உலோக ருசி, அவளுக்கு இல்லை. எனக்கு எண் ஏறியது, அவளுக்கு ஏறவில்லை. ஆக எனக்கு நிஜம், அவளுக்கு மாவு. இரண்டு மாதமாக அந்தப் பெண் மாவைத் தின்றுகொண்டு, மூச்சு வாங்க பஸ் ஏறி வந்து, நம்பிக்கையாக ஊதிவிட்டுப் போகிறாள். எனக்கு மகளும் இல்லை, பிளஸ் டூவும் இல்லை. அறுபத்தொரு வயது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

என் இரவு மாத்திரைகளை அவள் எடுத்துக்கொள்வது, அவள் இரவு மாத்திரைகளை நான் எடுத்துக்கொள்வது. இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. ஆளுக்கு ஒரு வேளையாவது நிஜம். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது எண்ணிக்கையும் சரியாக இருக்கும்.

அவள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எது எதுன்னு தெரியாமத்தான எடுத்துக்கோணும்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தமுங்?" என்றாள்.

"தெரிஞ்சு போச்சே மாராத்தா. தெரிஞ்சதுக்கு அப்புறம் தெரியாத மாதிரி எப்படி இருக்கறது?"

"அப்ப உங்களுக்குப் பாதி கொறஞ்சிருமுங்களே?"

அவளுக்கு வரப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் குறைவதைப் பற்றித்தான் கவலை. கண் கலங்கிவிட்டது. "ஆபீசர் சொல்றேன், வாங்கு" என்றேன். வாங்கிக்கொண்டாள்.

என் சர்வீஸில் ஒரு மளிகைக்கடைக்காரர் நினைவுக்கு வருகிறார். அவரிடம் எடைக்கல் இரண்டு செட். ஒன்று வாடிக்கைக்கு, ஒன்று எங்களுக்குக் காட்ட. மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு நான்தான் அந்த இரண்டாவது செட்டைப் பிடித்தேன். இப்போது என்னிடம் இரண்டு புத்தகம். அவர் செய்தது திருட்டு. நான் செய்வது அப்படி இல்லை. ஒரு நல்ல காரியம் செய்து ரொம்ப நாளாயிற்று.

மார்ச் 20, புதன்

வினோதம். நிஜ மருந்து பாதியாகிவிட்டதே, உலோக ருசியும் பாதியாக வேண்டாமா? குறையவே இல்லை. ஒரு வேளை மருந்தே போதுமான அளவுதானோ? டாக்டரிடம் கேட்க ஆசையாக இருக்கிறது, கேட்க முடியாது.

தர்ஷிணிக்குக் கடைசிப் பரீட்சை நெருங்குகிறது. போனில் வாழ்த்துச் சொன்னேன்.

ஏப்ரல் 1, திங்கள்

எனக்கு 2190. தியாகத்துக்கு விலை உண்டுதானே.

மாராத்தாளுக்கு 1590. நாற்பது இறங்கியிருக்கிறது. முதலில் திக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்தேன். இரண்டு மாதம் மாவு தின்ற பலன் இப்போது தெரிகிறது, மருந்து பிடிக்க நாளாகும். அவளுக்கும் அதையே சொன்னேன். தலையாட்டினாள்.

"கையப் பாருங் ஆபீசரம்மா, நல்லாயிருச்சு" என்று நீட்டினாள். ஆமாம், தடிப்பெல்லாம் போய் சுத்தமாக இருந்தது. அவ்வளவு வெயிலிலும்! பார், மருந்து வேலை செய்கிறது என்றேன். டப்பா மாற்றிக்கொண்டோம். தேங்காய் பன் இன்று அவள் வாங்கித் தந்தாள்.

சுகிர்தா என் மஞ்சள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "பாதிப் பேரு வராண்டாவுல ஒக்காந்து ஒரே பேனாவுல ஒரு மாசத்தையும் நிரப்பறாங்க மேடம். உங்க புக்தான் ஒழுங்கு. புதுசா வர்றவங்களுக்கு இதைத்தான் காட்டறேன்" என்றாள். நன்றி என்றேன். அவள் கண்ணைப் பார்க்காமல் புத்தகத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 17, புதன்

கழுத்தும் புறங்கையும் சிவந்து எரிகிறது. காய்கறி வாங்கப் போய்விட்டு வந்ததுதான். சித்திரை வெயில். "குடை எதுக்கு இருக்குது, மூலைக்கு அழகாவா?" என்றார் வீட்டுக்காரர். கற்றாழை தடவினேன்.

மஞ்சள் புத்தகத்தில் எழுதவில்லை. வெயிலுக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்?

ஏப்ரல் 29, திங்கள்

எனக்கு 2180. மாராத்தாளுக்கு 1510.

பேக்கரிக்கு ரோடு தாண்டும்போது இரண்டு இடத்தில் நின்றாள். டாக்டர் முகத்தில் கவலை. வீட்டில் வைத்துக்கொள்ள ஆக்சிஜன் மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பேசாமல் காலை மாத்திரையையும் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். "வேண்டாமுங், நீங்களும் பொழைக்கோணுமில்ல?" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பாதிதான் மாற்றிக்கொண்டோம்.

மே 7, செவ்வாய்

தர்ஷிணிக்கு 600க்கு 541. நேற்று ரிசல்ட். மாராத்தாள் போனில் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். ஒவ்வொரு பாடமாகச் சொல்லி முடிக்க ஆறு நிமிஷம் ஆயிற்று. நான் குறுக்கே பேசவில்லை.

மே 16, வியாழன்

தர்ஷிணி போன் செய்தாள். "அம்மாவை அட்மிட் பண்ணிருக்குதுங் ஆன்ட்டி. காலைல பல்லு வெளக்கறப்பவே ஒதடெல்லாம் நீலமாயிருச்சு." அவள் குரல் அழவில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

மே 18, சனி

போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய். கொஞ்சம் தேறியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் தர்ஷிணியைத் தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டுக் கிட்டே கூப்பிட்டாள்.

"ரகசியத்தப் பிரிச்சுப் பாத்துட்டாங் ஆபீசரம்மா. அவசரத்துக்குப் பாக்கலாமாமா. எனக்கு நெஜ மருந்துதானாமா."

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன்.

"எனக்கு மொதல்ல இருந்தே நெஜ மருந்துதானாமா. அதத் தின்னும் இப்படி எறங்கிருச்சே, இது எனக்குப் புடிக்காத மருந்துன்னு டாக்டரம்மா சொல்றாங். நாளன்னிக்கு, திங்கக்கெழமைல இருந்து மொத்தமா நிறுத்திப் போட்டு வேற ஏதோ கடுசா ஒண்ணு குடுக்கறாங்களாமா." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "டப்பா சங்கதி நான் வாயே தொறக்கல. நீங்க பயப்படாதீங்."

தர்ஷிணி தண்ணீரோடு வந்துவிட்டாள். நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. வெளியே வந்து தவறான பஸ்ஸில் ஏறி, உக்கடம் வரை போய்த் திரும்பி வந்தேன்.

என்னுடையதும் நிஜமாக இருந்தால்? அப்படி இருந்தால் நிஜத்துக்கு நிஜம்தான் மாற்றியிருக்கிறோம். அவளுக்கு ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. டாக்டர் சொல்வதுதான் சரி, மருந்து அவளுக்குப் பிடிக்கவில்லை. என்மேல் தப்பே இல்லை. ஐம்பதுக்கு ஐம்பது. உலோக ருசி இருக்கிறதே! எனக்கும் நிஜம்தான். நிஜமாகத்தான் இருக்க வேண்டும்.

மே 19, ஞாயிறு

காலையில் வீட்டுக்காரர் காபியைக் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். உலோக ருசி. நிம்மதியாக இருந்தது. டம்ளரைக் கழுவப் போனபோது அந்த ஃபில்டர் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பாதி இடத்தில் ஈயப் பூச்சே இல்லை. பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. அடியில் பச்சையாகக் களிம்பு.

பரணிலிருந்து பழைய எவர்சில்வர் ஃபில்டரை இறக்கச் சொன்னேன். ஒரே தூள், ஒரே பால், ஒரே சர்க்கரை. இரண்டு ஃபில்டரில் இரண்டு டிக்காஷன். டம்ளரின் அடியில் அடையாளம் ஒட்டி, எது எது என்று எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துக்கொண்டு எட்டுத் தடவை. "உனக்கென்ன பைத்தியமா?" என்றார். "ஆமா, குடுங்க" என்றேன்.

எட்டுக்கு எட்டு. பித்தளையில் மட்டும் ருசி இருந்தது. எவர்சில்வரில் வெறும் காபி.

அப்புறம் இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஜனவரி 8, என் கையெழுத்திலேயே இருக்கிறது: ஏறாதுங்க, இறங்கறத நிறுத்துதான்னுதான் பாக்கறோம். அவளுக்கு 1640, 1640, 1630. நின்றுகொண்டிருந்தது. அதைத்தான் மருந்து வேலை செய்யாததற்குச் சாட்சி என்று எழுதி வைத்திருக்கிறேன். வெயில் பட்டால் தோல் சிவக்கும், அதுவும் அங்கேயே இருக்கிறது. பிப்ரவரியில் அவள் கை சிவந்தது. நான் மாவைக் கொடுக்க ஆரம்பித்ததும், பாதி மருந்தில் அவள் பழகிய கை தெளிந்து, அதே பாதியில் பழக்கமில்லாத என் கழுத்து சிவந்தது. எல்லாத் தேதியும் இருக்கிறது. எழுதினேனே தவிர நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

ஊர் முழுக்க அளவுகளைச் சோதித்துச் சீல் வைத்தவள், சொந்த வீட்டு ஃபில்டருக்குள் எட்டிப் பார்க்கவில்லை. மார்ச் 4 முதல் மே 15 வரை எழுபத்து மூன்று இரவு. அத்தனை இரவும் அவளுக்குப் பாதி எடை குறைத்திருக்கிறேன். தராசு பிடித்த கைதான் இது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அவள் சொல்ல மாட்டாள். நாளைக்கு அவளுக்குப் பிடித்த ஒரே மருந்தை, பிடிக்காத மருந்து என்று நிறுத்திவிடுவார்கள்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் பித்தளை ஃபில்டரை எடுத்துப் பரண்மேல் போட்டார். "நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்போணும்?" என்று மட்டும் கேட்டார்.

மே 20, திங்கள்

எட்டு மணிக்கே டாக்டர் அறை வாசலில் நின்றேன். நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, சொல்ல வராத பக்கங்களைத் திருப்பிக் காட்டினேன். அந்த இடங்களை அவரே படித்துக்கொண்டார்.

நான் எதிர்பார்த்த மாதிரி சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"மொத்தம் முன்னூத்திச் சொச்சம் பேருங்க. அதுல ரெண்டு பேரோட கணக்கு இப்ப பொய்" என்றார். "நீங்க கெட்டது நெனச்சுப் பண்ணலைன்னு புரியுது. ஆனா பாதி அளவுக்குப் பாதிப் பலன் கிடையாதுங்க. இந்த மருந்துக்கு அது ஒண்ணுமே குடுக்காத மாதிரிதான்."

"அப்ப முழுசாக் குடுத்தா அவளுக்கு நிக்குமுங்களா?"

அவர் என் நோட்டில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பக்கங்களை மறுபடி பார்த்தார். "முதல் ரெண்டு மாசம் நின்னிருக்கு. நிக்கலாம். இன்னைக்கு வேற மருந்து ஆரம்பிக்கல. மருந்துக் கம்பெனிக்கு எழுதறேன், ஆராய்ச்சிக்கு வெளியில மருந்து மட்டும் தருவாங்களான்னு. உங்க நோட்டு வேணும், ஒவ்வொரு பக்கமும் நகல் எடுக்கணும்."

என் குறியீட்டையும் பிரித்தார்கள். மாவு. எனக்கு முன்னமே தெரியும், எட்டுக்கு எட்டு.

நகல் எடுத்தது சுகிர்தா. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில், "உங்க மஞ்சள் புக்க எல்லாருக்கும் காட்டினேனே மேடம்" என்றாள். சர்வீஸில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இப்படி உறைத்ததில்லை.

அப்புறம் வார்டுக்குப் போனேன். மாராத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஃபில்டர் உட்பட. மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்ப நான் உங்களுக்கு மருந்தக் குடுத்து, நீங்க எனக்கு மாவக் குடுத்தீங்களாக்கும்."

"ஆமா."

"எடை போடற ஆபீசர்தானுங் நீங்க?"

தர்ஷிணி வந்ததும் எழுந்துகொண்டேன்.

ஜூன் 3, திங்கள்

ஆராய்ச்சியிலிருந்து இரண்டு பேரையும் நீக்கிய கடிதம் வந்தது. எனக்கு வழக்கமான வைத்தியம் தொடரும். மஞ்சள் புத்தகம் இனி இல்லை. கழுத்து தெளிந்துவிட்டது.

மாராத்தாளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

எடுக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

எனக்கு 2130. டாக்டரிடம் அவளைப் பற்றிக் கேட்டேன். கம்பெனி ஒத்துக்கொண்டதாம், மூன்று வாரமாக இரண்டு வேளையும் முழு மருந்து. இன்று காலையே வந்து ஊதிவிட்டுப் போய்விட்டாளாம். எத்தனை என்றேன். அதை மாராத்தாள்தான் சொல்ல வேண்டும், தான் சொல்லக் கூடாது என்றார். சரியான பதில்தான்.

பேக்கரியில் ஒரு டீ குடித்தேன். பன் வாங்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

வராண்டாவில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் யாரோ மெதுவாக வந்து உட்காரும் சத்தம். சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று சக்கரத்தோடு என் காலருகில் வந்து நின்றது. நான் திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

"கழுத்து நல்லாயிருச்சுங்களா?" என்றாள் மாராத்தாள்.

நல்லாகிவிட்டது என்றேன். அவள் இரண்டு கையையும் என் மடிக்கு நேராக நீட்டினாள். முழங்கைக்குக் கீழே சிவந்து தடித்துக் கிடந்தது. இத்தனை அழகான தடிப்பை நான் பார்த்ததே இல்லை. தர்ஷிணிக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டதாம், அடுத்த மாதம் போகிறாளாம். பேசும்போது நடுநடுவே நின்று மூச்சு வாங்கினாள். ஆனால் இருமலில்லை.

இரவிக்கைக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். போன மாதத்து ஊதலும் இன்றைய ஊதலும் ஒன்றின்கீழ் ஒன்று அச்சாகியிருந்தது.

1420.

1420.

"ஏறலீங் ஆபீசரம்மா" என்றாள்.

"இறங்கவும் இல்ல மாராத்தா" என்றேன். எழுத்து மங்கலாகத் தெரிந்ததால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஊதிவிட்டு வரும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.